ஓடாத லிஃப்டுக்குப் பராமரிப்பு

ஜனவரி 9, வியாழன்

பள்ளிச் சீருடை தைக்கிற ஆர்டர் பாதிகூட முடியவில்லை. பட்டன் வைக்கிற பெண் ஒரு வாரமாக வரவில்லை, அவள் அண்ணிக்குப் பிரசவம். கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டதாம். ஆபரேஷன்தான். இன்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாடி வார்டிலிருந்து அண்ணியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கட்டில் தூக்கி இறக்கும்போது நாற்காலிக் கால் முறிந்துவிட்டது. தையல் பிரிந்து, ரத்தம். மறுபடியும் மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அதே படியில், அதே மாதிரி தூக்கிக்கொண்டு.

"லிஃப்ட் என்னாச்சு?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது எப்பக்கா ஓடுச்சு?"

 ஆஸ்பத்திரித் திறப்பு விழா அன்று அமைச்சரோடு அதில் ஏறி மேலே போய்க் கீழே வந்தவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே கண்ணாடி இருந்தது. தலையைச் சரிசெய்துகொண்டது நினைவிருக்கிறது. ஓடியதே! என் கண்ணால் பார்த்தேனே!

ஜனவரி 10, வெள்ளி

நகரமன்ற உறுப்பினர் என்று காட்டிக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்தேன். வாசல் காவலாளி போட்டிருந்த சட்டையே என் கடையில் தைத்தது. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டார்.

லிஃப்ட் கதவுக்கு முன்னால் துடைப்பம், வாளி, கால் ஒடிந்த கட்டில். பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் வந்துவிடுமா என்ன. இருந்தும் மறுபடி அழுத்தினேன்.

தலைமை மருத்துவர் அம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. இன்று பேசினார். இந்தக் கட்டடத்துக்கு வருகிற மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்கும்தான் போதும். லிஃப்ட் இழுக்கத் தனி லைன் வேண்டும். ஒப்பந்தத்தில் அதுவும் சேர்த்தி, அதற்கும் பணம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் மின்வாரியத்தில் யாரும் விண்ணப்பமே போடவில்லை. திறப்பு விழாவுக்குப் பின்பக்கம் ஜெனரேட்டர் லாரி நிறுத்தி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அமைச்சர் கார் கிளம்பியதும் லாரியும் கிளம்பிவிட்டது.

"நீங்க சொல்லலையா டாக்டர்?"

"எழுதிக்கிட்டேதான் இருக்கேன். பரிசீலனையில இருக்குன்னு பதில் வருது. உங்க மன்றத்துலேருந்துதான் வருது."

கட்டடம் கட்டியது மச்சான். எங்கள் கட்சிச் செயலாளரின் மனைவிக்குத் தம்பி. செயலாளருக்கு மச்சான் என்பதால் கட்சிக்கே மச்சான், ஊருக்கே மச்சான். ரோடு போட்டாலும் மச்சான்தான், சாக்கடை தூர்வாரினாலும் மச்சான்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். காசோலையில்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 11

வீட்டில் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே கட்சியில் இருந்தவர். சுவரொட்டி ஒட்டி, அடி வாங்கி, லாரி ஆபீஸ் வேலையைக்கூட ஒரு முறை அதனால் இழந்தவர். இந்த ஊரில் கட்சிக்கு நாலு பேர் இருந்த காலத்தில் அதில் ஒருவர் இவர். தேர்தலுக்கு இவரை நிறுத்துவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தையல்கடைக்காரம்மா என்றால் வீட்டுக்கு வீடு தெரியும் என்று என்னை நிறுத்தினார்கள். இவர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. வீடு வீடாக என் கூடவே வந்தார். அதை நான் மறக்கவில்லை.

"உள்ள பேசு. வெளிய பேசாத," என்றார். அவ்வளவுதான்.

சரி. உள்ளே பேசுகிறேன்.

ஜனவரி 13, திங்கள்

கட்சி ஆபீஸ். செயலாளர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அவரை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்! என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது முதலில் ஓடிவந்து கார் பிடித்தவர் அவர்தான்.

சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நாற்காலி முறிந்ததைச் சொன்னபோது உச்சுக்கொட்டினார். பிறகு, கட்சி நடத்துவது லேசான காரியமா என்று ஆரம்பித்தார். கூட்டம், கொடி, மேடை, வண்டி, வழக்கு. எல்லாவற்றுக்கும் யார் கொடுக்கிறார்கள்? மச்சான் கொடுக்கிறார். அவரையும் கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும்.

"அண்ணே, அவர் குடுக்கறது அந்த ஆஸ்பத்திரிக் காசுதானே?"

சிரித்தார். "தங்கச்சி, லிஃப்ட் ஓடும். நான் சொல்றேன்ல."

எழுந்து வரும்போது, கேட்காமலே சொன்னார்: "பாப்பா வேலை விஷயம் மேல பேசிட்டேன். முடிஞ்ச மாதிரிதான். அடுத்த மாசம் ஆர்டர் வந்துடும்."

என் மகள் ரெண்டு வருஷமாக அந்த அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசப் போனேன். அவர் என் வீட்டைப் பற்றிப் பேசி அனுப்புகிறார். எனக்குப் புரியாமல் இல்லை.

ஜனவரி 20

மன்றக் கூட்டத்துக்கு நிகழ்ச்சிநிரல் வந்தது. கடையில் நின்றபடியே படித்தேன். தெருவிளக்கு, குப்பை வண்டி டயர், அப்புறம் இது: மகப்பேறு மருத்துவமனை லிஃப்டுக்கு மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கொடுப்பது யாருக்கு? மச்சானுக்கு.

ஓடாத லிஃப்டுக்குப் பராமரிப்பு! சத்தமாகச் சிரித்துவிட்டேன். அளவு கொடுக்க வந்த அம்மா என்னைப் பார்த்து ரெண்டு அடி பின்னால் போனார். அதற்கப்புறம் ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளமா? யாரைக் கிறுக்கிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஜனவரி 27

மகளிடம் சொல்லிவிட்டேன். அந்த ஒப்பந்தத்துக்குக் கை தூக்கமாட்டேன், அதனால் உன் வேலை போகலாம் என்று.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "உன் வீம்புக்கு நான் ஏம்மா பலியாகணும்?"

"அந்தப் படியில தூக்கிட்டுப் போறது நாளைக்கு உன்னையா இருந்தா?"

"எல்லாத்தையும் என் தலையில கொண்டாந்து முடி. நீ ஒருத்தி கை தூக்கலன்னா அது நின்னுடுமா? சொல்லு, நின்னுடுமா?"

நிற்காது. அது எனக்கும் தெரியும்.  அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவள் காத்திருந்தது நிஜம், படித்தது நிஜம். தகுதியிருக்கிறவளுக்குக் கிடைக்க வேண்டிய வேலையை ஒருவர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காட்டிக் காட்டி மறைக்கிறார். அதையும்தானே நான் கேட்க வேண்டும்? அவளுக்கு இன்று அது புரியாது. புரிந்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

ஜனவரி 30

கை தூக்கமாட்டேன். எழுதிவைக்கிறேன், காலையில் மனசு தளர்ந்தால் எடுத்துப் படிக்க.

ஜனவரி 31, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மன்றத்தில் தலைவர் தீர்மானங்களை மடமடவென்று படித்துக்கொண்டே போனார். படிப்பார், கைகள் எழும், 'நிறைவேறியது' என்பார், அடுத்தது. பராமரிப்பு ஒப்பந்தம் வந்தபோது நான் எழுந்தேன்.  பார்வையாளர் வரிசையில் மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, ஆஸ்பத்திரி இங்கேருந்து நடக்கற தூரம்தான். கை தூக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் போய் அந்த லிஃப்ட்ல ஒரு தடவை ஏறிட்டு வந்துடலாமா?"

 எதிர்க்கட்சிப் பக்கம் யாரோ மேஜையைத் தட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். உறுப்பினர் தன் கருத்தைக் கட்சிக்குள் சொல்லியிருக்கலாம் என்றார் தலைவர்.

"சொன்னேன். அங்க டீ குடுத்தாங்க."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எங்கள் பக்கம் அத்தனை கைகளும் எழுந்தன. நடுவில் நான் மட்டும், ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. அவை தானாக எழுந்துவிடுமோ என்று பயந்த மாதிரி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பவர்கள் என்றதும் தூக்கினேன். எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்குள் எழுந்து வெளிநடப்பு செய்துவிட்டார்கள், வாசலில் கேமரா வந்திருந்ததாம். ஆகவே என் கை ஒன்றுதான்.

நிறைவேறியது.

வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என் ஆயுசையே போட்ட கட்சிடி அது. ஒரு கையைத் தூக்கி நாசமாக்கிட்டு வந்திருக்க."

"நீங்க ஆயுசைப் போட்டது இதுக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. மச்சான் கார் வாங்கறதுக்கா அடி வாங்கினீங்க?"

இவர் போய் முன்னறையில் பாய் விரித்துக்கொண்டார்.

பிப்ரவரி 1

கட்சியிலிருந்து தற்காலிக நீக்கம். கட்டுப்பாட்டை மீறினேனாம். எந்தக் கட்டுப்பாடு? வாய்க்கட்டுப்பாடு.

பிப்ரவரி 4

எதிர்க்கட்சிக்காரர்கள் பூச்செண்டோடு கடைக்கு வந்துவிட்டார்கள். புகைப்படக்காரரும் கூடவே. நான் அவர்கள் பக்கம் வந்துவிட்டதாக நாளை செய்தி வர வேண்டுமாம்.

அவர்கள் ஆட்சியில் கட்டிய பேருந்து நிலையத்துக் கூரையைப் பற்றி விசாரித்தேன். திறந்த வருஷமே சரிந்தது, அதை யார் கட்டினார் என்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு மச்சான்தான் போலிருக்கிறது. பூச்செண்டை வைக்க இடமில்லை, துணி நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் கட்சி மாற ஆசைப்படவில்லை. லிஃப்ட் ஓட வேண்டும். இதை ஏன் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை?

பிப்ரவரி 7

பட்டன் பெண்ணின் அண்ணி தேறிவருகிறாள். பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைக்குத் தொண்டை கணீரென்று இருக்கிறது, எதிர்காலத்தில் மன்றத்துக்குப் போகலாம்.

வரும் வழியில் தார்ப்பாய்த் துணி வாங்கினேன். லாரிக்குப் போடுவார்களே, அந்தக் கனத்துணி. நாலு மூலையிலும் பக்கவாட்டிலும் கைப்பிடி வைத்து, ஆள் படுக்கிற நீளத்துக்குத் தைக்க வேண்டும். லிஃப்ட் வருகிறவரைக்கும் பெண்களை நாற்காலியில் தூக்கக் கூடாது. தையல் மிஷினில் ஊசி மூன்று உடைந்தது. பட்டன் பெண் காலணி தைக்கிற ஊசி கொண்டுவந்தாள். முதல் துணியில் நானே படுத்தேன். நாலு பேர் தூக்கிக் கடையைச் சுற்றி வந்தார்கள். என் கனத்துக்கே தாங்குகிறது என்றால் இனி கவலையில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றிலிருந்து பார்வையாளர் நேரத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறேன். துடைப்பத்தையும் வாளியையும் ஒதுக்கிவைத்தேன். கையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற வேலை. எந்தப் பலகையும் வைக்கவில்லை, கோஷமும் போடவில்லை. யார் கேட்டாலும் சொல்கிறேன்: "லிஃப்டுக்குக் காத்திருக்கேன்."

முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் கதவைப் பார்க்கிறார்கள். அப்புறம் சிரிப்பதில்லை.

பிப்ரவரி 19

பள்ளிச் சீருடை ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். வெட்டிவைத்த துணி அப்படியே கிடக்கிறது. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், மேலிருந்து சொல்லிவிட்டார்களாம். மகளுடைய வேலை ஆர்டரும் வரவில்லை. அவள் மருந்துக்கடையில் பில் போடப் போகிறாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்வதில்லை.

கோபம் தலைக்கேறுது. அழ மாட்டேன். என் பொழப்புல கை வெச்சா நான் போய் அண்ணே மன்னிச்சிடுங்கன்னு நிப்பேன்னு நெனச்சியா? நிக்க மாட்டேன் போ.

நாளைக்கும் நாற்காலி அங்கேதான்.

பிப்ரவரி 26

என்னோடு காத்திருக்க இன்று ஏழெட்டுப் பேர். பிரசவத்துக்கு வந்த பெண்களின் அம்மாக்கள், மாமியார்கள். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செயலாளர் இரண்டு பேரை அனுப்பியிருந்தார், வழியை மறிக்கிறோம் என்று சொல்ல. "எந்த வழியை? கதவு தெறந்தா நாங்களே நகந்துக்கிறோம்," என்றாள் கீரைக்காரி. எனக்குக்கூட அது தோன்றியிருக்காது.

மார்ச் 14, வெள்ளி

அமைச்சர் வந்தார். குழந்தைகள் வார்டுக்கு அடிக்கல். காலையிலேயே பின்பக்கம் ஜெனரேட்டர் லாரி வந்து நின்றது. கீரைக்காரிதான் முதலில் பார்த்து ஓடிவந்தாள்.

லிஃப்ட் கதவைத் துடைத்துப் பளபளப்பாக்கி, பொத்தானை அழுத்தி, திறந்தும் விட்டார்கள். அப்போது மாடியேற வேண்டிய பெண் ஒருத்தி இருந்தாள், நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் நர்ஸைப் பார்த்தேன். அமைச்சர் வருவதற்குள் அவளை ஏற்றி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டோம். ஆள் தூக்காமல் அந்த வார்டுக்குப் போன முதல் பெண் அவளாகத்தான் இருக்கும். திரும்பிக் கீழே இறங்கினோம். கதவு திறந்தது. எதிரில் அமைச்சர், செயலாளர், தலைவர், மச்சான், கேமராக்கள். உள்ளே நான்.

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வெளிய வாம்மா" என்றார்.

நான் வரவில்லை. அமைச்சரைப் பார்த்துக் கும்பிட்டேன். நான் கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்கிற அளவில்தான் சொன்னேன். ஆனால் மைக் பக்கத்தில் இருந்திருக்கிறது.

"நாளைக்கும் வந்துடுங்க ஐயா. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் இது ஓடுது."

பின்னால் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அமைச்சரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தலைமை மருத்துவரைத் திரும்பிப் பார்த்து உண்மையா என்று கேட்டார். அந்த அம்மா ஒரு நொடி தயங்கினார். என் உயிர் அந்த ஒரு நொடியில் எங்கேயோ போய் வந்தது.

"உண்மைதான் சார். லாரி பின்னாடி நிக்குது, பாக்கறீங்களா?"

அமைச்சர் லாரியைப் பார்க்கவில்லை. லிஃப்டிலும் ஏறவில்லை. படியேறித்தான் போனார். மச்சானுக்கு மூச்சு வாங்கியது. கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

மார்ச் 15

கட்சியிலிருந்து நிரந்தர நீக்கம். 'எதிர்ப்பு சக்திகளின் கைக்கூலி' என்று சுவரொட்டி. எழுத்துப் பிழை ரெண்டு இருக்கிறது. இவர் ஒட்டியிருந்தால் பார்த்துத் திருத்தியிருப்பார்.

இவர் இன்னும் முன்னறையில்தான். ஆனால் நேற்றைய செய்தியைத் தொலைக்காட்சியில் மூன்று முறை போட்டார்கள், இவர் மாற்றவில்லை.

ஏப்ரல் 8

மின்வாரிய ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். கேபிள் சுருள் வந்து இறங்கியிருக்கிறது. கைக்குக் கிடைத்த ஒருத்தரைப் பிடித்துக் கேட்டேன். அவசர வேலையாம், அரசாங்கச் செலவாம். அதாவது, ஒரு முறை மச்சானுக்குக் கொடுத்தோம், இப்போது மறுபடி கொடுக்கிறோம். லைன் ஒன்று, காசு ரெண்டு தடவை. இதையும் விடப்போவதில்லை.

ஆனாலும் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல தடிமன்.

ஏப்ரல் 22

ஓடுகிறது. பின்னால் லாரி இல்லை, நான் போய்ப் பார்த்தேன். நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தார்ப்பாய்த் துணிகளை மருத்துவர் அம்மா கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார், கரண்ட் போனால் வேண்டுமாம்.

'செயலாளரின் அயராத முயற்சியால் லிஃப்ட்' என்று வாசலில் பெரிய படம். மச்சான் குழந்தைகள் வார்டு வேலையை எடுத்துவிட்டார். பராமரிப்புப் பணமும் அவருக்குப் போகத்தான் போகிறது. ஒன்றும் மாறவில்லை என்றாள் மகள். லிஃப்ட் மாறியிருக்கிறது என்றேன். ஒரு வழியாகச் சிரித்தாள். அவள் என்னிடம் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

மே 2, வெள்ளி

கட்சி வார்டுக் கூட்டம் என்று இவர் மதியம் கிளம்பினார். போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டு முடிப்பதற்குள் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எதிரில் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது.

"கூட்டம் முடிஞ்சுடுச்சா?"

"எனக்கு முடிஞ்சுடுச்சு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார். செயலாளர் லிஃப்ட் சாதனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். இவர் எழுந்து, லைனுக்கு ரெண்டு தடவை பணம் கொடுத்தது எப்படி என்று கேட்டாராம். இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் இவர் எழுந்து பேசியது இதுதான் முதல். உட்காரச் சொன்னார்களாம். "நான் எதுக்கு உக்காரணும்னு வந்துட்டேன்," என்றார்.

  சாப்பாடு எடுத்துவைத்தேன். பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, அடுத்த தேர்தல் எப்போது வரும் என்று கேட்டார். சொன்னேன்.

"சுயேச்சைக்கு என்னென்ன சின்னம் குடுப்பாங்க?"

"தெரியல. விசாரிக்கணும்."

"நான் விசாரிக்கிறேன்," என்றார்.